இளையோரின் மனநல அறிவை எப்படி அளப்பது? வாசகர் கேள்வி பதில்

இளையோருக்கு மனநலம் பற்றி எவ்வளவு தெரிந்திருக்கிறது என்பதை அளக்க முற்பட்டவர்களிடமிருந்தும், அளந்து முடித்து விடை புரியாமல் நிற்பவர்களிடமிருந்தும் இம்முறை கணிசமான கடிதங்கள் வந்துள்ளன. ஒன்றையொன்று தொட்டுச் செல்லும் கேள்விகளாக இருப்பதால், இந்தப் பகுதி முழுவதையும் அந்த ஒரே பொருளுக்கு ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் மாணவர்களிடம் 'சரி' அல்லது 'தவறு' என்று குறியிடும் வகையில் 20 கேள்விகள் கொண்ட வினாத்தாளைக் கொடுத்தோம். சராசரி மதிப்பெண் 14. எழுபது விழுக்காடு என்பதால், மாணவர்களின் மனநல அறிவு நன்றாகவே இருக்கிறது என்று அறிக்கையில் எழுதலாமா?
– கல்லூரி ஆசிரியை ஒருவர்

பதில்: எழுத வேண்டாம் என்றுதான் சொல்வேன். முதலில் கணக்கைப் பாருங்கள். இரண்டே விடைகள் உள்ள 20 கேள்விகளுக்கு, ஒன்றுமே அறியாதவர் கண்ணை மூடிக்கொண்டு குறியிட்டாலும் சராசரியாக 10 மதிப்பெண் வந்துவிடும். ஒருவருக்கு உண்மையில் 8 விடைகள் மட்டுமே தெரிந்திருந்து, எஞ்சிய 12 கேள்விகளை அவர் ஊகித்து நிரப்பினால், அவற்றில் 6 சரியாக அமைந்து மொத்தம் 14 ஆகிவிடும். ஆகவே நீங்கள் கண்ட எழுபது விழுக்காடு, நாற்பது விழுக்காட்டு அறிவுக்கும் பொருந்தக்கூடிய எண்ணாகும். 'தெரியாது' என்று மூன்றாவது கட்டம் ஒன்றை வைத்திருந்தால் ஊகம் ஓரளவு குறைந்திருக்கும். அதைவிட முக்கியமாக, அறியாமையும் தவறான நம்பிக்கையும் தனித்தனியே தெரிந்திருக்கும். மனச்சிதைவு நோய் உள்ள எல்லோரும் வன்முறையாளர்கள் என்று உறுதியாக நம்பும் மாணவரும், அந்த நோயின் பெயரையே கேள்விப்படாமல் தவறாக ஊகித்த மாணவரும் இப்போது உங்கள் தாளில் ஒரே சுழியத்தைப் பெற்றிருக்கிறார்கள். இவர்கள் இருவருக்கும் ஒரே வகுப்பை எடுத்துப் பயனில்லை.

இரண்டாவது, எதை அளந்தீர்கள் என்பது. 1997ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய ஆய்வாளர் அந்தோணி ஜோர்மும் அவருடைய குழுவினரும் இந்தக் கருத்தை முன்வைத்தபோது, மனநோய்களை அடையாளம் காணவும், சமாளிக்கவும், தடுக்கவும் துணைசெய்கிற அறிவும் நம்பிக்கைகளுமே மனநல அறிவு என்று வரையறுத்தார்கள். அந்த வரையறைப்படி, ஒருவருடைய நடத்தைக்கு எந்த வகையிலும் உதவாத தகவல் ஏட்டுச் சுரைக்காய்தான். எவ்வளவு குவிந்தாலும் கணக்கில் சேராது. பின்னர் 2016இல் ஸ்டான் குட்சரும் அவருடன் பணியாற்றியவர்களும் அந்த வரையறையை விரித்து, நல்ல மனநலத்தைப் பெறுவதும் பேணுவதும் எப்படி என்று அறிதல், நோய்களையும் சிகிச்சைகளையும் அறிதல், நோயுற்றோர் மீதான இழிவெண்ணம் குறைதல், எப்போது யாரிடம் உதவி நாடுவது என்று அறிந்து அதற்கான திறனும் பெற்றிருத்தல் என நான்கு பகுதிகளாக வகுத்தார்கள். நீங்கள் கடிதத்துடன் இணைத்திருந்த வினாத்தாளைப் படித்தேன். ஏறக்குறைய எல்லாக் கேள்விகளும் நோய்ப் பெயர்களையும் அறிகுறிகளையும் சுற்றியே வருகின்றன. உதவி நாடுவது பற்றி ஒரு கேள்விகூட இல்லை. எனவே அறிக்கையில், 'மனநல அறிவு' என்ற அகன்ற தலைப்பைத் தவிர்த்து, நோய்களின் அறிகுறிகளைப் பற்றிய வினாக்களுக்குக் கிடைத்த விடைகள் என்று எழுதுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் எத்தனை பேர் சரியாக விடையளித்தார்கள் என்ற அட்டவணையையும் சேர்த்தால், சராசரியைவிட அதுவே அதிகம் படிக்கப்படும்.

கேள்வி: மனநல அறிவு எல்லா வயதினருக்கும் தேவைதானே? ஆய்வாளர்கள் ஏன் பதினெட்டிலிருந்து இருபத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்களையே தேடிப் போகிறார்கள்?
– ஒரு தந்தை

பதில்: நோய்கள் தொடங்கும் வயதுதான் முதற்காரணம். உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் வெளியான பெரிய பகுப்பாய்வு ஒன்று, மனநோய்களில் 34.6 விழுக்காடு பதினான்கு வயதுக்குள்ளும், 48.4 விழுக்காடு பதினெட்டு வயதுக்குள்ளும், 62.5 விழுக்காடு இருபத்தைந்து வயதுக்குள்ளும் தலைகாட்டிவிடுகின்றன என்று கணக்கிட்டது. அந்த எண்களைக் கூர்ந்து பார்த்தால், பதினெட்டு வயதில் தொடங்கும் ஆய்வு ஏற்கெனவே தாமதமானது என்றும் வாதிடலாம். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். இருப்பினும் இந்த வயதுக்கென்று தனிச் சிறப்பு ஒன்று உண்டு. அதுவரை பிள்ளையை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதா வேண்டாமா என்று முடிவெடுத்தவர்கள் பெற்றோர். இனி அந்த முடிவை எடுக்க வேண்டியவர் அந்த இளைஞரே. மேலும், இந்த வயதில் மனத்துயரைப் பலர் முதலில் சொல்வது நண்பரிடம்தான் என்பதால், ஒருவருடைய அறிவு அவருக்கு மட்டுமன்றி அருகில் இருப்பவருக்கும் பயன்படுகிறது.

கேள்வி: முனைவர் பட்ட ஆய்வுக்காக இளையோரின் மனநல அறிவை அளக்க விரும்புகிறேன். கதை சொல்லிக் கேள்வி கேட்கும் முறையைப் பின்பற்றுவதா, ஆயத்தமாக உள்ள அளவுகோல்களில் ஒன்றை எடுத்துக்கொள்வதா? எந்த அளவுகோல் சிறந்தது?
– உளவியல் ஆய்வு மாணவி

பதில்: கதை முறையே மூத்தது. ஜோர்ம் குழுவினர் ஆஸ்திரேலியாவில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம், மனச்சோர்வு அல்லது மனச்சிதைவு நோயின் அறிகுறிகள் உள்ள கற்பனை மனிதர் ஒருவரை நோயின் பெயரைச் சொல்லாமல் விவரித்து, "இவருக்கு என்ன நேர்ந்திருக்கிறது?" என்று கேட்டார்கள். மனச்சோர்வுக் கதையைக் கேட்டவர்களில் 72 விழுக்காட்டினர் ஏதோ ஒரு மனநோய் என்று உணர்ந்தார்கள். மனச்சோர்வு என்று சரியாகச் சொன்னவர்கள் 39 விழுக்காடு. மனச்சிதைவுக் கதையில் முதல் எண் 84, இரண்டாவது எண் 27. ஏதோ கோளாறு என்று உணர்வதற்கும் அதன் பெயரைச் சொல்வதற்கும் இடையே உள்ள இந்த இடைவெளி, கட்டங்களில் குறியிடும் வினாத்தாளில் எளிதில் புலப்படாது. விடையளிப்பவர் தம் சொற்களிலேயே பேசுகிறார் என்பது இம்முறையின் பெரிய பலம்.

குறைகளும் உண்டு. ஒரு கதை ஒரே நோயைத்தான் சொல்லும். நூற்றுக்கணக்கான விடைகளை வகைப்படுத்த இருவராவது தனித்தனியே உட்கார்ந்து, பின்னர் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கதையில் வருபவர் ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்தும் விடைகள் மாறக்கூடும். இவற்றைவிட எனக்கு உறுத்தலாக இருப்பது, நோயின் பெயரைச் சொன்னால்தான் மதிப்பெண் என்னும் ஏற்பாடு. "அவள் உள்ளுக்குள் உடைந்துபோயிருக்கிறாள், தனியாக விடாமல் மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும்" என்று எழுதிய மாணவர், "மனச்சோர்வு" என்று ஒரே சொல்லில் முடித்த மாணவரைவிட எந்த வகையில் அறிவு குறைந்தவர்?

அளவுகோல்களில் அதிகம் பயன்படுவது, ஓ'கானரும் கேசியும் 2015இல் வெளியிட்ட மனநல அறிவு அளவுகோல். 35 வினாக்கள், மதிப்பெண் 35 முதல் 160 வரை. குறைந்தபட்சமே 35 என்பதைப் பலர் மறந்துவிட்டு, 80 பெற்றவரைப் பாதி அறிவுடையவர் என்று எழுதிவிடுகிறார்கள். இந்த அளவுகோலின் நடுப்புள்ளி 97.5. அதன் உள்ளமைப்பையும் பாருங்கள். முதல் 15 வினாக்களுக்கு நான்கு படிநிலைகள், எஞ்சிய 20 வினாக்களுக்கு ஐந்து. இறுதியில் உள்ள 16 வினாக்கள் மனப்பான்மையைப் பற்றியவை. மனநோய் உள்ளவரின் பக்கத்து வீட்டில் குடியேறுவீர்களா, அவரை வேலைக்கு அமர்த்துவீர்களா என்பன போன்றவை. அவற்றின் உச்ச மதிப்பெண் 80, அதாவது மொத்தத்தில் சரிபாதி. ஆக, நோய்களைப் பற்றி அதிகம் அறியாத ஓர் இளகிய மனத்தினரும், நோய்களைக் கரைத்துக் குடித்துவிட்டு நோயாளியை அருகில் சேர்க்காதவரும் ஒரே மொத்தத்தை எட்டிவிடலாம். தொடக்கத்தில் உள்ள எட்டு வினாக்களிலும் "மிகவும் சாத்தியம்" என்பதே முழு மதிப்பெண்ணுக்குரிய விடை என்பதால், எதைக் கேட்டாலும் தலையாட்டும் இயல்புள்ளவருக்கு அங்கே 32க்கு 32 கிடைத்துவிடும். இந்த அளவுகோலைக் குறை சொல்லி ஒதுக்குவது என் நோக்கமன்று. மொத்த மதிப்பெண்ணை மட்டும் வெளியிடும் ஆய்வுக் கட்டுரைகளின் மீதுதான் என் மனக்குறை.

உங்கள் வயதுப் பிரிவுக்கென்றே, போர்ச்சுகலில் உருவான மனநல அறிவு வினாநிரலின் இளையோர் வடிவம் 2018இல் வெளியானது. 29 வினாக்கள், மனநலச் சிக்கல்களைப் பற்றிய அறிவு, தவறான நம்பிக்கைகள், உதவி நாடலும் முதலுதவியும், தன்னுதவி வழிகள் என்று நான்கு பிரிவுகள். 2010இல் பிரிட்டனில் உருவான மனநல அறிவு அட்டவணை இன்னும் சிறியது. 12 வினாக்களே கொண்டது. பெரிய மக்கள்தொகையில் இழிவெண்ணத்துடன் தொடர்புள்ள அறிவு ஆண்டுக்கு ஆண்டு எப்படி மாறுகிறது என்று பார்க்க அது போதும். தனி மனிதரை எடைபோட அன்று. அதில் "தெரியாது" என்பதற்கு நடுநிலை மதிப்பெண்ணான 3 வழங்கப்படுவதையும் மனத்தில் கொள்ளுங்கள். மொத்தம் கூட்டியபின் அறியாதவரும் தயங்கியவரும் கலந்துவிடுவார்கள்.

நானாக இருந்தால் 29 வினாக்கள் கொண்டதை எடுத்து, பிரிவு வாரியாக மதிப்பெண் தந்து, அதனுடன் மூன்று சிறு கதைகளைத் திறந்த கேள்வியோடு சேர்ப்பேன். மூன்றாவது கதை நோயே இல்லாத ஒருவரைப் பற்றியதாக இருக்க வேண்டும். ஏன் என்பது அடுத்து வரும் கடிதத்துக்கான விடையில் இருக்கிறது.

கேள்வி: என் வயதுத் தோழர்கள் சமூக வலைதளங்களில் மனப்பதற்றம், மன அதிர்ச்சி, இருதுருவக் கோளாறு என்று சரளமாகப் பேசுகிறார்கள். காதல் முறிந்தால் மனச்சோர்வு, மேசையை அடுக்கி வைத்தால் எண்ணச் சுழற்சி நோய் (ஓசிடி). இதையும் மனநல அறிவு வளர்ந்துவிட்டதன் அடையாளமாக எடுத்துக்கொள்வதா?
– இறுதியாண்டு மாணவர்

பதில்: பெரும்பாலான வினாத்தாள்களைக் கேட்டால், "ஆம், வளர்ந்துவிட்டது" என்றே விடை வரும். அவற்றின் அடிப்படைக் குறையே அதுதான். நோயை நோய் என்று சொன்னால் மதிப்பெண் தருகிறார்கள். நோயல்லாததை நோய் என்று சொன்னால் மதிப்பெண் குறைப்பதில்லை. அப்படியொரு தேர்வில் எல்லாவற்றையும் நோய் என்பவரே முதலிடம் பெறுவார். சரியாக அடையாளம் காணும் திறனை அளக்க வேண்டுமானால், எத்தனை நோய்களை ஒருவர் கண்டுகொண்டார் என்ற எண்ணோடு, எத்தனை முறை பொய்யாக அபாயச் சங்கு ஊதினார் என்ற எண்ணும் வேண்டும். முந்தைய விடையில் குறிப்பிட்ட 12 வினாக்கள் கொண்ட அட்டவணை இதைச் சிறிய அளவில் செய்கிறது: மனச்சோர்வு, மனச்சிதைவு ஆகியவற்றோடு, மன அழுத்தமும் (ஸ்ட்ரெஸ்) இழப்புத் துயரும் மனநோயா என்று கேட்டு, "இல்லை" என்பவருக்கே அவ்விரண்டிலும் உயர்ந்த மதிப்பெண்ணைத் தருகிறது. நோயே இல்லாத ஒருவரின் கதையை, எடுத்துக்காட்டாகத் தாயை இழந்து சில நாள்களாக அழுதுகொண்டிருக்கும் மகனின் கதையை, மூன்றாவது கதையாக வைக்கச் சொன்னதும் இதனால்தான்.

விழிப்புணர்வு முயற்சிகளே சில இளையோரைத் தங்கள் இயல்பான துன்பங்களை நோயாக எண்ண வைத்து, அந்த எண்ணமே துன்பத்தை நீட்டிக்கக்கூடும் என்ற கருதுகோளை லூசி ஃபவுக்ஸ், ஜாக் ஆண்ட்ரூஸ் ஆகிய ஆய்வாளர்கள் 2023இல் முன்வைத்தார்கள். அது கருதுகோள் என்பதை அவர்களே வலியுறுத்துகிறார்கள். மெய்ப்பிக்கப்பட்ட முடிவாக அதை எடுத்துக்கொண்டு, மனநலம் பற்றிப் பேசுவதே தீங்கு என்று கிளம்புவோர்மீது எனக்கு நம்பிக்கையில்லை. உண்மையிலேயே நோயுற்றிருந்தும் அதை உணராமல் ஆண்டுக்கணக்கில் தவிக்கும் இளையோரும் அதே வலைதளங்களில்தான் இருக்கிறார்கள். இரு பிழைகளையும் ஒரே நேரத்தில் அளக்கும் கருவி நம் கையில் இல்லாதவரை, எந்தப் பிழை பெருகுகிறது என்ற வாதம் முடிவின்றி நீளும்.

கேள்வி: ஒன்பது வினாக்கள் கொண்ட மனச்சோர்வு வினாத்தாளை மாணவர்களுக்குக் கொடுத்தாலே அவர்களின் மனநல அறிவு தெரிந்துவிடாதா?
– ஒரு விடுதிக் காப்பாளர்

பதில்: தெரியாது. அந்த வினாத்தாள் கடந்த இரு வாரங்களில் ஒருவருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் எவ்வளவு இருந்தன என்று 0 முதல் 27 வரையிலான எண்ணில் காட்டும். அறிகுறிகள் மிகுந்தவர் நோயைப் பற்றி எல்லாம் அறிந்தவராக இருக்கலாம். முழு நலத்துடன் இருப்பவர் ஒன்றும் அறியாதவராக இருக்கலாம். இரண்டையும் தனித்தனியே அளந்தால்தான் அவற்றுக்கிடையே தொடர்பு உண்டா என்றே கேட்க முடியும்.

கேள்வி: ஆங்கில அளவுகோல் ஒன்றை எங்கள் மொழியில் பெயர்த்து, மற்றொருவரைக் கொண்டு மீண்டும் ஆங்கிலமாக்கி ஒப்பிட்டோம். இரண்டும் ஒத்திருக்கின்றன. வினாக்களின் உள்ளிணக்கத்தைக் காட்டும் க்ரோன்பாக் ஆல்பா என்ற எண்ணும் 0.87 வந்தது. இனி ஐயமின்றிப் பயன்படுத்தலாம் அல்லவா?
– சமூகப்பணித் துறை ஆய்வாளர்

பதில்: சொற்கள் ஒத்திருப்பதற்கு நீங்கள் செய்தது நல்ல தொடக்கம். கேள்விகள் ஒத்திருக்கின்றனவா என்பது வேறு. நாம் மேலே பேசிய 35 வினாக்கள் கொண்ட அளவுகோலில், ஆஸ்திரேலியாவில் பெண்களுக்கு ஆண்களைவிட மனநோய் வரும் வாய்ப்பு அதிகமா என்று ஒரு வினா உண்டு. நாட்டின் பெயரை மாற்றிவிட்டால் மொழிபெயர்ப்பு முடிந்துவிடும். ஆனால் சரியான விடை அந்த நாட்டிலும் அதுவேதானா என்று யார் சரிபார்த்தார்கள்? நோயாளியின் இரகசியத்தை வல்லுநர் எப்போது வெளியிடலாம் என்ற வினாக்களும் அப்படியே. அவற்றுக்கு விடை சொல்வது அந்தந்த இடத்தின் சட்டம். இத்தகைய வினாக்களை உள்ளூர் வல்லுநர்களிடம் கொடுத்து விடைக்குறிப்பைப் புதிதாக எழுதச் சொல்லுங்கள்.

அதன்பின் பத்துப் பன்னிரண்டு இளையோரைத் தனித்தனியே அமர்த்தி, ஒவ்வொரு வினாவையும் உரக்கப் படித்து அதற்கு என்ன பொருள் கொண்டார்கள் என்று சொல்லச் சொல்லுங்கள். எந்தப் புள்ளியியல் அட்டவணையும் காட்டாத குளறுபடிகள் இந்த அமர்வில் வெளிவரும். ஆல்பாவைப் பற்றி ஒரு சொல்: வினாக்கள் ஒன்றோடொன்று இணங்கிச் செல்கின்றன என்பதையே அது காட்டுகிறது, எதை அளக்கின்றன என்பதையன்று. அறிவு, மனப்பான்மை, உதவி நாடல் என்று பல தன்மைகளைக் கலந்து வைத்த வினாத்தாளில் ஆல்பா மிக உயர்ந்து வந்தால், பாராட்டுவதற்கு முன் சற்றுச் சந்தேகப்படுவதே முறை. ஆண்–பெண், மாணவர்–தொழிலாளர் என்று பிரிவுகளை ஒப்பிடப் போகிறீர்கள் என்றால், அந்த வினாக்கள் இரு பிரிவினருக்கும் ஒரே வகையில் இயங்குகின்றன என்பதை முதலில் நிறுவியாக வேண்டும்.

கேள்வி: இளையோருக்கு மனநலப் பயிலரங்கு நடத்துகிறேன். தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே வினாத்தாளைத் தருகிறேன். ஒவ்வொரு முறையும் மதிப்பெண் நன்றாக உயர்கிறது. ஆனால் ஆலோசனைக்கு வருவோரின் எண்ணிக்கை அப்படியே இருக்கிறது. பிழை அளவீட்டிலா, பயிலரங்கிலா?
– ஓர் ஆலோசகர்

பதில்: பாதி அளவீட்டில். மாலையில் நீங்கள் அளப்பது காலையில் கேட்டதன் நினைவை. தவிரவும், பயிற்சி தந்தவரின் கண்ணெதிரே அவர் விரும்பும் விடையைக் குறிப்பது மனித இயல்பு. மூன்று மாதமோ ஆறு மாதமோ கழித்து மறுபடி கேளுங்கள். அடுத்த பயிலரங்குக்காகக் காத்திருப்பவர்களிடமும் அதே இடைவெளியில் இருமுறை கேட்டால், பயிற்சியின்றியே உயரும் மதிப்பெண் எவ்வளவு என்பது தெரியும். குறைந்த மதிப்பெண் பெற்றவர்களை மட்டும் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தந்திருந்தால் இந்த ஒப்பீடு இன்னும் இன்றியமையாதது. மறு அளவீட்டில் அவர்களின் சராசரி தானாகவே ஓரளவு மேலேறும்.

இன்னொரு பாதி, அறிவிலிருந்து செயலுக்குப் போகும் வழியில் இருக்கிறது. 2012இல் வெளியான பகுப்பாய்வு ஒன்று, பல நாடுகளில் ஆண்டுக்கணக்கில் எடுக்கப்பட்ட கருத்தாய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, மனநோய்களின் உடலியல் காரணங்களைப் பற்றிய மக்களின் அறிவும், சிகிச்சையை ஏற்கும் மனமும் வளர்ந்திருந்தன. நோயுற்றோரை அருகில் ஏற்கும் மனப்பான்மை வளரவில்லை. இளையோர் உதவி நாடாததற்கான காரணங்களை 2010இல் தொகுத்த ஆய்வில் முன்னணியில் நின்றவை இழிவெண்ணம் பற்றிய அச்சமும் கூச்சமும், அறிகுறிகளை அடையாளம் காண இயலாமையும், தாமே பார்த்துக்கொள்ளலாம் என்ற விருப்பமும். இவற்றில் உங்கள் வினாத்தாள் தொடுவது நடுவில் உள்ளதை மட்டுமே.

ஆகவே அறிவு வினாத்தாளோடு, உதவி நாடும் எண்ணத்தை அளக்கும் பொது வினாநிரல் போன்ற ஒன்றையும் சேருங்கள். 2005இல் வெளியான அது, நண்பர், பெற்றோர், மருத்துவர் என்று ஒவ்வொருவரிடமும் உதவி கேட்க எவ்வளவு வாய்ப்புண்டு என்று 1 முதல் 7 வரை குறிக்கச் சொல்கிறது. யாரிடமும் கேட்க மாட்டேன் என்பதற்கும் இடம் தருகிறது. எண்ணத்தோடு நில்லாமல், கடந்த மூன்று மாதங்களில் உண்மையில் யாரிடம் பேசினீர்கள் என்றும் கேளுங்கள். மாணவர்கள் உங்கள் அறைக்கு வராமல் நண்பர்களிடம் பேசத் தொடங்கியிருக்கலாம். அது உங்கள் வருகைப் பதிவேட்டில் தெரியாது. அறை திறந்திருக்கும் நேரம் வகுப்பு நேரமாக இருந்தாலும், வாசலில் நிற்பதை மற்றவர்கள் பார்ப்பார்கள் என்ற நிலை இருந்தாலும், அறிவு எவ்வளவு பெருகினாலும் கூட்டம் வராது. இதைத் தீர்க்கப் பயிலரங்கு தேவையில்லை.

கேள்வி: ஆய்வில் பங்கேற்போரின் பெயர் கேட்கலாமா? முன்பின் மதிப்பெண்களை இணைக்க அது தேவைப்படுகிறதே.
– கல்வி நிறுவன அலுவலர்

பதில்: பெயர் வேண்டாம். பெயர் கேட்கும் தாளில் விரும்பத்தக்க விடைகளே மிகும்; மனப்பான்மை வினாக்களில் இது மேலும் கூடும். ஒவ்வொருவரும் தமக்கு மட்டுமே தெரிந்த இரண்டு மூன்று விவரங்களைக் கொண்டு ஒரு குறியீட்டைத் தாமே உருவாக்கி இரு முறையும் எழுதச் சொன்னால் தாள்களை இணைத்துவிடலாம். சில தாள்கள் இணையாமல் போகும், அந்த இழப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். அறிவை மட்டும் அளப்பதாகச் சொல்லிவிட்டு, இடையே தற்கொலை எண்ணம் உண்டா என்பது போன்ற வினாக்களைச் செருகாதீர்கள். அவை உண்மையிலேயே தேவை என்றால், ஒருவர் "ஆம்" என்று குறித்தால் யார், எவ்வளவு நேரத்துக்குள், எப்படி அவரை அணுகுவார் என்பது முன்கூட்டியே எழுத்தில் இருக்க வேண்டும். பெயரில்லாத தாளில் அது இயலாது என்பதால், அத்தகைய ஆய்வை நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடு தனியாகவே நடத்த வேண்டும். எந்த வகைத் தாளாக இருந்தாலும், சரியான விடைகளும் உதவி கிடைக்கும் இடங்களும் அச்சிட்ட ஒரு பக்கத்தை, கடைசித் தாளைத் திரும்பப் பெற்றுக்கொண்டபின் எல்லோருக்கும் கொடுத்துவிடுங்கள்.